செல் வளர்ந்த செய்தியை யாரிடம் சொல்வது

பிள்ளைகளே,

புதிதாக லேபுக்கு வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நான் படித்தது பி.யு.சி. வரைக்கும், அதையும் முடிக்கவில்லை. பைப்பெட் பிடிப்பது எப்படி, இன்குபேட்டரைத் துடைப்பது எப்படி என்பதையெல்லாம் உங்கள் சீனியர்கள் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்கள். அதில் நான் தலையிடவில்லை. இந்தப் புற்றுநோய் லேபில் அட்டெண்டராகச் சேர்ந்து, லேப் அசிஸ்டெண்டாக ஓய்வு பெற்றவன் நான். மர்பி டவுனில் வீடு. உங்கள் வயதில் எனக்கு ஒரு மகளும் ஒரு மகனும் இருக்கிறார்கள். அவர்களிடம் சாப்பிடும்போது எப்படிச் சொல்வேனோ அப்படியே எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

சொல்ல நினைத்தது ஒரே ஒரு விஷயம். அது நித்யா என்கிற பெண்ணுக்கும் முனிரத்தினம் என்கிற பெரியவருக்கும் நடந்தது.

நம் லேபில் ஒரு வழக்கம் உண்டு. ஆபரேஷனில் எடுத்த திசுவை வைத்து வேலை செய்யப்போகிற மாணவர், அந்த நோயாளியை ஆபரேஷனுக்கு முன்னாலேயே நேரில் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து, தன் வாயால் அனுமதி கேட்க வேண்டும். பல இடங்களில் ஆஸ்பத்திரிக்காரர்களே கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். மாணவர் கைக்கு வரும்போது அது ஒரு எண் மட்டும்தான். நம்மிடமும் பாட்டில் மேல் எண்தான் இருக்கும். ஆனால் அந்த எண்ணை எழுதுகிற கைக்கு ஒரு முகம் தெரிந்திருக்க வேண்டும் என்று நம் மேடம் வைத்த வழக்கம் இது. (மேடத்தின் பெயரை எழுதவில்லை. அவருக்குப் பிடிக்காது.)

நம் லேபில் பார்ப்பது புராஸ்டேட் புற்றுநோய். மூத்திரப்பைக்குக் கீழே இருக்கிற சுரப்பி அது. ஆண்களுக்கு மட்டும் இருப்பது. பயிற்சிக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பெண் பிள்ளைகள். வயதான ஆண்கள் ஒரு சின்னப் பெண்ணிடம் இதைப் பற்றி வாயைத் திறக்க மாட்டார்கள். பெண்ணும் எதிரே உட்கார்ந்து என்ன கேட்பது என்று தெரியாமல் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதனால் வார்டுக்குப் போகும்போது நானும் கூடப் போவேன். பாதி நேரம் நான் பேசுவது கிரிக்கெட்டும் ஊர்க்கதையும்தான். அதற்குள் அவர்களுக்கு வாய் திறந்துவிடும்.

நித்யா ஒக்கலிபுரத்துப் பெண். எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டுக்காக வந்தவள். வாய்த்துடுக்கு உண்டு, சோம்பல் கிடையாது. ஆனால் அவளுக்கு நேரம் சரியில்லை. நோயாளியின் புராஸ்டேட் கட்டியிலிருந்து நேராகச் செல் எடுத்து வளர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று நீங்களும் சீக்கிரம் தெரிந்துகொள்வீர்கள். வளர்த்துப் பழக்கிக் கடையில் விற்கிற செல் மாதிரி இல்லை அது. சில நாள் ஒட்டிக்கொண்டிருக்கும், பிறகு சத்தமில்லாமல் போய்விடும். அவளுக்கு வந்த திசுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக அப்படித்தான் போயின. பிஎச்.டி. சீட்டுக்கான நேர்முகத் தேர்வு வேறு வரப்போகிறது. "என்ன செய்தாய்?" என்று கேட்டால், "எதுவும் வளரவில்லை" என்று சொல்ல வேண்டும். அந்த நிலைமையில்தான் முனிரத்தினத்தைப் பார்க்கப் போனோம்.

அவர் ஜோகுபாளையத்துக்காரர். சிட்டி பஸ் ஓட்டி ரிடையர் ஆனவர். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்டூலில் அவர் மனைவி சரோஜாம்மா, பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

நித்யா சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ஒரு டவுட்டு. வண்டில உக்காந்தா ஒண்ணுக்குக்கூடப் போக முடியாது. அடக்கிக்கினு அடக்கிக்கினே ஓட்டுவோம். அதான் இப்பிடி ஆயிடுச்சா?"

நித்யாவே பதில் சொன்னாள். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லீங்க ஐயா. பஸ் ஓட்டாதவங்களுக்கும் வருது."

"அப்ப கம்பெனிமேல கேஸ் போட முடியாதுன்ற."

சரோஜாம்மா தலையைத் தூக்காமலே, "கேஸ் போட்டு ஜெயிச்சிட்டாலும்…" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். பிறகு நித்யா கேட்டாள்: ஆபரேஷனில் எடுக்கிற கட்டியில் டாக்டர்கள் சோதனைக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு, மிச்சத்தில் ஒரு சின்னத் துண்டை ஆராய்ச்சிக்குத் தருவீர்களா? இஷ்டம் இல்லையென்றால் வேண்டாம். வைத்தியத்தில் ஒரு குறையும் வராது. கொடுத்த பிறகு வேண்டாம் என்று தோன்றினாலும் சொல்லலாம், நிறுத்திவிடுவோம்.

"வெட்டிக் குப்பைல போடறதுதானே கண்ணு. உனக்கு ஆவுதுன்னா எடுத்துக்க."

"வீட்ல ஒரு ஓட்ட டிபன் பாக்ஸத் தூக்கிப்போட விடமாட்டாரு. இதுக்கு மட்டும் தாராளம்" என்றார் சரோஜாம்மா.

இந்தப் பேச்சில் ஒரு தப்பும் கிடையாது. கேட்க வேண்டியதை முறையாகக் கேட்டாள், அவரும் மனமாரச் சொன்னார். நானும் பக்கத்தில் இருந்தேன். ஆனாலும் ஒன்று விட்டுப்போயிருந்தது. அது எங்கள் மூன்று பேருக்கும் அப்போது தெரியவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஐஸ் பெட்டியில் திசுவைக் கொண்டுவந்து நித்யாவிடம் கொடுத்தேன். அந்தத் துண்டு பட்டாணி அளவுகூட இல்லை. அவள் அதைப் பார்த்த விதத்தில், இதுவும் போய்விடுமோ என்கிற பயம் தெரிந்தது.

போகவில்லை. முதலில் ஓரத்தில் ஒரு சின்னக் கூட்டம், பிறகு அதைச் சுற்றி இன்னும் கொஞ்சம். செல் வளர்க்கிற தட்டையான ஃபிளாஸ்க்கின் தரை முழுக்கப் பாய் விரித்த மாதிரி பரவியது. நித்யா லேபில் இருந்த அத்தனை பேரையும் கையைப் பிடித்து இழுத்து வந்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வைத்தாள். வாட்டர் கேன் போட வந்த பையனையும் விடவில்லை. மேடம் வந்து வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்து, "சாப்டியா?" என்று கேட்டார். மேடம் ஒரு மாணவரிடம் சாப்பிட்டாயா என்று கேட்டால், அந்த வேலை அவருக்குப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். வேறு பாராட்டு அவரிடம் வராது.

அந்த வாரமே நித்யா, எதற்கும் இருக்கட்டும் என்று, அந்தச் செல்லில் கொஞ்சம் எடுத்து இரண்டு குப்பிகளில் உறையவைத்து, திரவ நைட்ரஜன் டேங்கில் இறக்கிவிட்டாள். உறையவைத்த செல் வளராது, சாகவும் சாகாது. வேண்டும்போது எடுத்து உருக்கி வளர்க்கலாம். இதை அவள் மேடத்திடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. மறைக்க நினைத்ததாகச் சொல்ல மாட்டேன். வேலை தெரிந்த பிள்ளைகள் எல்லோரும் செய்வதுதான். வார மீட்டிங்கில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறாள்.

மீட்டிங் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது, அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் முனிரத்தினத்துக்கு மறு பரிசோதனை நாள். நானும் நித்யாவும் வேறு ஒருவரைப் பார்க்க அந்தப் பக்கம் போனோம். ஓ.பி. வராந்தாவில் அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். மடியில் துண்டைப் போட்டு மூடியிருந்தார். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு சில மாதங்களுக்கு மூத்திரம் கட்டுப்படாமல் கசியும், அதற்காக.

நித்யா அவரைப் பார்த்ததும் ஓடினாள்.

"ஐயா! உங்க செல்லு சூப்பரா வளருது ஐயா! இதுவரைக்கும் யாருக்கும் இந்த மாதிரி வந்ததே இல்ல!"

அவர் அவளைப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது.

"எது வளருது?"

"உங்ககிட்டருந்து எடுத்தோமே, அந்தக் கட்டி… அதோட செல்லு. ஃபிளாஸ்க் ஃபுல்லா ஆயிடுச்சு."

"டாக்டரு மொத்தமா எடுத்துட்டேன்னாரே."

"உங்க ஒடம்புலேருந்து எடுத்தாச்சு ஐயா. லேப்ல வளருது."

உள்ளே டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து போனார். போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு போனார்.

நித்யாவைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. யோசித்துப் பாருங்கள், யார் செய்யக்கூடிய தப்பு இது? வெளி ஆள் யாரும் செய்ய மாட்டார்கள். புற்றுநோய் வளர்ந்தால் சந்தோஷப்படுகிற இடம் உலகத்தில் நம் லேப் மாதிரி சில இடங்கள்தான். காலையிலிருந்து சாயந்திரம் வரை அங்கேயே இருந்தால், "வளருது" என்பது நமக்கு நல்ல செய்தி ஆகிவிடுகிறது. அதே நினைப்போடு வராந்தாவுக்குப் போய்விடுகிறோம்.

கொஞ்ச நாள் கழித்து சரோஜாம்மா லேபுக்குப் போன் செய்தார். நான்தான் எடுத்தேன்.

"நீங்கதானே அந்தப் பொண்ணுகூட வந்தது? அவரு சரியாத் தூங்கறதில்லீங்க. சோறு எறங்கல. கேட்டா, 'அது அங்க இருக்கு, அது அங்க இருக்கு'ன்றாரு. அத ஒழிச்சிடச் சொல்லுங்க. இல்லன்னா நானே வந்து ஒழிக்கறேன்."

மேடத்திடம் சொன்னேன். மேடம் நித்யாவைக் கூப்பிட்டார். நான் கதவருகே நின்றேன்.

நித்யாவுக்கு விஷயம் புரிந்ததும் கண் கலங்கிவிட்டது. அழுகையை அடக்கிக்கொண்டு, "மேடம், நான் ஒரு தடவ எக்ஸ்ப்ளெய்ன் பண்ணிப் பாக்கட்டுமா? அது அவர ஒண்ணும் பண்ணாது மேடம். திரும்ப அவர் ஒடம்புக்குப் போகாது. அவருக்கு அது புரியல" என்றாள்.

"புரியலன்னு ஏன் நினைக்கற?"

"இல்ல மேடம், பயப்படறாரே…"

"தன் ஒடம்புல இருந்த கேன்சர் இன்னும் உயிரோட இருக்குன்னு அவர் நினைக்கறார். அதுல என்ன தப்பு இருக்கு?"

நித்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவங்க இங்க வரட்டும். என்ன கேட்டாலும் பதில் சொல்லு. கேக்காத வரைக்கும் மனசு மாத்தப் பாக்காத. வேண்டாம்னு சொல்லலாம்னு நாமதானே சொல்லி வாங்கினோம்?"

போன் செய்து வரச் சொன்னோம். முனிரத்தினமும் சரோஜாம்மாவும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். செல் வளர்க்கும் கல்ச்சர் ரூமுக்குள் வெளி ஆட்களை விட மாட்டோம் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் வெளியறையில் மைக்ராஸ்கோப் வைத்திருந்தோம். மேடம் அவருக்கு நாற்காலி போட்டு, தானே நின்றுகொண்டார்.

"ஐயா, உங்களக் கேக்காம இத வளர்த்தோம்னு இல்ல. ஆனா உயிரோட இருக்கும், வளரும்னு உங்ககிட்ட சொல்லாம வளர்த்துட்டோம். வேண்டாம்னா இப்பவே நிறுத்திடலாம். எதுக்கு வேண்டாம்னு எங்களுக்கு நீங்க சொல்ல வேண்டியதில்ல."

"பாக்கலாமா?" என்றார் முனிரத்தினம்.

நித்யா ஃபிளாஸ்க்கைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். பார்க்கத் தெரியவில்லை, நித்யா தலையைப் பிடித்து லேசாக நகர்த்திவிட்டாள். பார்த்ததும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"இதுவா?"

"ஆமா ஐயா."

"கூழாங்கல்லு போட்ட மாதிரி இருக்கு." கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "இதுக்கு என்ன குடுக்கறீங்க?"

"இந்த ரோஸ் கலர் தண்ணிதான் ஐயா. அதுல சத்தெல்லாம் இருக்கு. ரெண்டு நாளைக்கு ஒரு தடவ மாத்துவோம்."

"யார் மாத்தறது?"

"நான்தான்."

"ஞாயித்துக்கிழமகூட?"

"ஞாயித்துக்கிழமகூட."

அவர் நிமிர்ந்தார். கோபமாகத் தெரியவில்லை, களைத்திருந்தார். "எனக்கு ரெண்டு இட்லி எறங்கல கண்ணு. இது நல்லா சாப்டுதா?"

நித்யா ஆமென்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"வேணாம்மா. கொன்னுடு. என் கண்ணு முன்னாடியே பண்ணிடு."

மேடம் நித்யாவைப் பார்த்தார். நான் ப்ளீச் பாட்டிலை எடுத்தேன். நித்யா அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவளேதான் ஊற்றினாள். ரோஸ் நிறம் வெளுத்துப்போய் வெறும் தண்ணீர் மாதிரி ஆனது. மறுபடி மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டினாள். கூழாங்கற்கள் கலைந்து, உடைந்து, ஒன்றும் இல்லை.

அவர் நீளமாக மூச்சு விட்டார். "அவ்ளோதானே? வேற எங்கயும் இல்லியே?"

"அவ்வளவுதான் ஐயா" என்றார் மேடம்.

மேடம் பொய் சொல்லவில்லை. குப்பிகள் இருப்பது அவருக்குத் தெரியாது. அறையில் இருந்தவர்களில் நித்யா ஒருத்திக்குத்தான் தெரியும். நான் அப்போது அவள் முகத்தைப் பார்த்தேன், வெளுத்திருந்தது. வளர்த்ததைக் கொன்ற துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் நிலைமையை நினைத்துப் பாருங்கள். பேசாமல் இருந்தால் போதும், எல்லோருக்கும் நல்லது நடந்துவிட்டது. பெரியவருக்கு நிம்மதி. மேடத்துக்குக் கடமை முடிந்தது. டேங்கில் இரண்டு குப்பி; பெரியவருக்கு அது ஒருபோதும் தெரியப்போவதில்லை. கொஞ்ச நாள் கழித்து எடுத்து உருக்கினால் அவள் ப்ராஜெக்ட் பிழைத்தது. பேசினாலோ, இருக்கிற ஒரே ஆதாரமும் போகும். பெரியவருக்கு வந்த நிம்மதி போகும். மேடம் ஒரு நோயாளி முன்னால் பொய் சொன்னவர் ஆகிவிடுவார். பேசுவதுதான் யோக்கியம் என்று இங்கே உட்கார்ந்து எழுதுவது எனக்குச் சுலபம். அந்த நிமிஷத்தில் அவள் பேசவில்லை என்பதையும் எழுத வேண்டும்.

நான் இரண்டு பேரையும் கேட் வரை கூட்டிப் போனேன். ஒரு ஆட்டோ நின்றது. டிரைவர், பழைய மெட்ராஸ் ரோடு வழியாகச் சுற்றிப் போக வேண்டும் என்று சொல்லி மீட்டருக்கு மேலே கேட்டார். முனிரத்தினத்துக்கு உடனே உயிர் வந்துவிட்டது.

"பழைய மெட்ராஸ் ரோடு எந்தப் பக்கம் இருக்குன்னு எனக்கே சொல்லித் தர்றியா? நீ பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து நான் அந்த ரோட்டுல ஓட்டறேன்."

"பேசிட்டாருப்பா" என்று சரோஜாம்மா புடவை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத்தினி நாளா வாயே தொறக்கல. ஆட்டோக்காரங்கூட சண்டைக்குப் போறாரு. நல்லாயிட்டாரு."

ஒருவழியாகப் பேரம் முடிந்து உட்காரப் போகும்போது நித்யா படியிறங்கி ஓடிவந்தாள்.

"ஐயா, ஒரு நிமிஷம். இன்னும் இருக்கு."

"என்ன இருக்கு?"

"ரெண்டு ட்யூப். ஐஸ்ல வெச்சிருக்கேன். ஐஸுன்னா… ரொம்பக் கடும் குளிர்ல. நீங்க கேட்டப்ப நான் சொல்லல. மேடத்துக்குத் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்."

சரோஜாம்மாவுக்கு வந்ததே கோபம். "என்னாம்மா விளையாட்றீங்களா? இப்பதான் அந்த மனுஷன் வாயத் தொறந்தாரு! ஒங்க வீட்ல பெரியவங்க இல்ல?"

"சாரிம்மா."

"சாரியாம்!"

முனிரத்தினம் ஆட்டோவின் கம்பியைப் பிடித்தபடி நின்றார். சரோஜாம்மாவைக் கையால் அமர்த்தினார்.

"அதுவும் வளருதா?"

"இல்ல ஐயா. வளராது."

"செத்துப்போச்சா?"

"இல்ல." நித்யா ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "அப்பிடியே நின்னுபோயிருக்கு. சாப்பாடு வேணாம். ஒண்ணும் வேணாம். வெளிய எடுத்து உருக்கினா மட்டும் திரும்ப வளரும். எடுக்கலன்னா எத்தன வருஷம் ஆனாலும் அப்பிடியேதான் இருக்கும்."

ஆட்டோ டிரைவர் கன்னடத்தில், "சார், பர்தீரா இல்வா?" என்று வருவீர்களா மாட்டீர்களா என்று கேட்டார். "இருப்பா, வெயிட்டிங் போட்டுக்க" என்றார் முனிரத்தினம். இப்போதுதான் சண்டை போட்ட மனிதர்!

"எங்க இருக்கு, காட்டு."

மறுபடி மேலே போனோம். மேடத்திடம் நித்யாவே சொன்னாள். மேடம் அவளைத் திட்டவில்லை. பெரியவரிடம் திரும்பி, "நான் அவ்வளவுதான்னு சொன்னது தப்பு ஐயா. தெரிஞ்சுக்காம சொல்லிட்டேன். மன்னிக்கணும்" என்றார். அத்தனை பெரிய படிப்புப் படித்தவர் ஒரு நோயாளியிடம் கைகூப்பியதை நான் பார்த்தது அன்றுதான்.

டேங்கின் மூடியை நான் திறந்தேன். வெள்ளைப் புகை வழிந்து தரையில் பரவியது. நித்யா கையுறை போட்டுக்கொண்டு ரேக்கை மேலே தூக்கி, குப்பிகளைத் தூரத்திலிருந்தே காட்டினாள். விரல் நுனி அளவு, நீல மூடி போட்டவை. அவற்றை உடனே கீழே இறக்கச் சொன்னார் மேடம்; வெளியே வைத்திருந்தால் உருகத் தொடங்கிவிடும். எல்லாம் முடிந்து நான் மூடியைப் போடும் வரை முனிரத்தினம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"டிப்போல நிறுத்தின வண்டி" என்றார்.

மூடியை விரலால் தட்டிப் பார்த்தார்.

"ஓடற வண்டிய நினைச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரல. எந்த நேரத்துல எங்க போய் நிக்கும்னு. இது நிறுத்தினதுதானே." நித்யாவைப் பார்த்தார். "உனக்கு இது வேணுமா கண்ணு?"

மனசை மாற்றப் பார்க்காதே என்று மேடம் சொல்லியிருந்தது நித்யாவுக்கு ஞாபகம் இருந்திருக்க வேண்டும். மேடத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "வேணும் ஐயா" என்றாள். "ஆனா நீங்க வேணாம்னா வேணாம். இப்பவே எடுத்துடறேன்."

அவர் டேங்கைக் கையால் காட்டினார்.

"நான் இருக்கற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாத. நான் போனப்புறம் எடுத்துக்க. அப்ப அது ஓடினா எனக்கு என்ன."

"என்ன பேச்சு பேசறீங்க?" என்றார் சரோஜாம்மா.

"நிஜத்தத்தான் சொல்றேன். எல்லாரும் போறவங்கதானே. அதுக்குள்ள தெறந்தீங்க, நான் வந்து சாவியப் பிடுங்கிடுவேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அப்போதுதான்.

மேடம் அவர் சொன்னதை அதே வார்த்தைகளில் எழுத்தில் வாங்கி, ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழுவுக்கு முறைப்படி தெரிவித்தார். ரேக்கில் ‘எடுக்கக் கூடாது’ என்று எழுதிய பச்சை நிறச் சீட்டு கட்டப்பட்டது. கீழே ஆட்டோக்காரர் நிஜமாகவே காத்துக்கொண்டிருந்தார்.

நித்யாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அந்தச் செல்லில் அவளுக்கு எதுவும் கிடைக்கவில்லை. கடையில் வாங்கிய செல்லை வைத்து ஒரு சாதாரண வேலை செய்து ப்ராஜெக்டை முடித்தாள். மார்க் சுமார்தான். அந்த வருஷம் நேர்முகத் தேர்வில் சீட்டும் கிடைக்கவில்லை. அடுத்த வருஷம்தான் கிடைத்தது, வேறு ஊரில். உண்மையைச் சொன்னதற்குப் பலன் உடனே வந்துவிடும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்ப வேண்டாம். அவளுக்கு வரவில்லை.

லேபில் ஒன்று மாறியது. அனுமதி கேட்கும்போது இப்போது ஒரு கேள்வி கூடுதலாக இருக்கிறது. அதை மேடமே தமிழிலும் கன்னடத்திலும் எழுதினார். "உங்கள் உடம்பிலிருந்து எடுத்தது இங்கே உயிரோடு இருக்கலாம், வளரலாம். அதற்குச் சம்மதமா?" இதைக் கேட்டால் சிலர் வேண்டாம் என்கிறார்கள். முன்னைவிடக் குறைவாகத்தான் திசு வருகிறது. உங்களில் சிலருக்கு அதனால் வேலை தாமதமாகும், எரிச்சல் வரும். வரட்டும். ஆனால் அந்தக் கேள்வியை வேகமாக வாசித்துத் தாண்டிவிடாதீர்கள். கேட்டுவிட்டு அவர்கள் முகத்தைப் பாருங்கள். முனிரத்தினத்திடம் நாங்கள் விட்டது அந்த ஒன்றைத்தான்.

இடையில் ஒரு பெரிய விஞ்ஞானி வந்தார். நம் டேங்கில் இருப்பதைப் பார்த்துவிட்டு, இந்த மாதிரி செல் கிடைப்பது அபூர்வம், அந்த ஆளிடம் இன்னொரு முறை கேட்டுப் பார்க்கலாமே என்றார். "ஒரு தடவ கேட்டாச்சு" என்றார் மேடம். அதற்கு மேல் பேச்சு வளரவில்லை. ஒருவர் யோசித்துச் சொன்ன பதிலைத் திரும்பத் திரும்பக் கேட்பது கேட்பது ஆகாது, தொந்தரவு. இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முனிரத்தினம் பரிசோதனைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார். ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது. வருகிற நாளில் லேப் வாசல் வரை வந்து, நம் ஆட்கள் யாராவது கண்ணில் பட்டால், "வண்டி நிக்குதா?" என்று கேட்பார். "நிக்குது ஐயா" என்று சொல்ல வேண்டும். அவ்வளவு சொன்னால் போதும், போய்விடுவார். இந்தப் பதிலைச் சொல்லும் வேலை இனி உங்களுடையது. சொல்வதற்கு முன்னால் டேங்கில் நைட்ரஜன் அளவைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். நாம் எடுக்கக் கூடாத பொருள் அது, ஆனால் நம் கவனக்குறைவால் கெட்டுப்போகவும் கூடாது. வாக்குக் கொடுத்தது இரண்டுக்கும் சேர்த்துத்தான்.

நித்யா இப்போதும் எனக்குப் போன் செய்வாள். அந்தக் குப்பிகளைத் திறக்கிற நாள் வந்தால், அவற்றை முதலில் வாங்கிக்கொள்ளும் உரிமை அவளுக்குத்தான் என்று மேடம் சொல்லிவைத்திருக்கிறார். போனை எடுத்ததும் அவள் கேட்பது ஒன்றுதான்.

"அங்கிள், ஐயா நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்காரும்மா" என்பேன்.

"அப்பாடா" என்பாள். அதற்குப் பிறகுதான் என் வீட்டைப் பற்றி விசாரிப்பாள்.